சாவியை எடுத்த பிறகும்

நிவாரணக் கேம்ப் நடந்த பள்ளிக்கூடத்து முற்றத்தில் அந்த வண்டி வந்து நின்றபோது, கடல் தின்ற வீடுகளைப் படம் எடுக்க யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வருவார்கள். மழைக்காலம் தோறும் கடல் கொஞ்சம் வீடுகளை எடுத்துக்கொண்டு போகும், பின்னாலேயே ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பொழியூர்க்காரர்களுக்கு இரண்டும் பழகிப்போன விஷயம். ஆனால் வண்டியிலிருந்து இறங்கியது நிக்கோலஸின் மகன் லிண்டோ.

பச்சை வண்டி. தலையில் மடக்கிக் கட்டிய கூடாரம், பக்கத்தில் ஏணி, உள்ளே கட்டிலாக விரிகிற பின்சீட். பொன்முடிக்கும் நெய்யாற்று அணைப் பக்கமும் போய்க் காட்டில் படுத்துத் தூங்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பாறசாலை ஜெயசிங் வாடகைக்குக் கொடுக்கிற வண்டி அது. லிண்டோ அதற்கு டிரைவர். வீடு உள்ளவர்கள் காசு கொடுத்து வீடில்லாமல் கிடப்பதற்கு உலகத்தில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. வீடில்லாதவர்கள் அதே சமயம் மூன்றாம் வகுப்பு பி பிரிவில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுச் சும்மாவே கிடந்தார்கள்.

லிண்டோ வண்டியைக் கொண்டுவந்தது படுப்பதற்கு அல்ல. பாலுக்காக.

வீட்டுச் சுவர் சரிந்த அன்று அவன் மனைவி ரெஷ்மா மிக்சியையும் அரிசிப் பானையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மணலில் விழுந்தாள். மாதம் நிறையாமல் ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் கால் மட்டும்தான் வெளியே தொங்கும் என்று லிண்டோ கேம்பில் வந்து சொன்னான். சொன்ன பிறகு, ஏன் அப்படிச் சொன்னோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். குழந்தை திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ரெஷ்மாவுக்குத் தையல் பழுத்துக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல் உள்ளவர்களைக் குழந்தைகள் இருக்கிற அறைப் பக்கமே விடமாட்டார்கள். அவளை மருந்தோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லியிருந்தார். இந்தக் குழந்தையின் குடல் இன்னும் பழுக்கவில்லை. மாவுப்பால் கொடுத்தால் குடல் அழுகிப்போகும். தாய்ப்பால்தான் வேண்டும், அதுவும் சொட்டுக் கணக்கில், டியூப் வழியாக. தாய்க்குக் காய்ச்சல் இருப்பதால் பாலுக்குக் கேடில்லை. பால் சூடாகிவிட்டால்தான் கேடு. எடுத்து, குளிரில் வைத்து, தினமும் கொண்டுவர வேண்டும்.

முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டு சத்தியபாயின் பிரிட்ஜில் வைத்தார்கள். நல்ல மனுஷி, மீனையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு ஒரு தட்டையே ஒழித்துக்கொடுத்தாள். மறுநாள் காற்றில் தென்னைகள் கம்பி மேல் விழுந்தன, ஊர் முழுக்கக் கரண்டு போயிற்று. எப்போது வரும் என்று கேட்டால், வரும்போது தெரியும் என்று பதில் வந்தது. அப்போதுதான் லிண்டோவுக்கு வண்டியில் இருக்கிற சின்ன பிரிட்ஜ் ஞாபகம் வந்தது. நனைந்த சட்டையோடு பாறசாலைக்கு பஸ் ஏறினான்.

ஜெயசிங் வேறு சபை, மிஷன் கோயில்காரர். துபாயிலிருந்து திரும்பி வந்து, இருந்ததையெல்லாம் அந்த வண்டியில் போட்டவர். வண்டிக்குள் முறுக்கு தின்றவனைப் பாதி வழியில் இறக்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கேட்டால் மறுக்கமாட்டார்.

“அண்ணே, அந்த பிரிட்ஜ் வேணும். கொச்சுக்குப் பாலு வைக்க” என்றான் லிண்டோ.

“பிரிட்ஜத் தந்தா நீ எங்கல குத்துவே? உங்க கேம்பில கரண்டு உண்டா?”

“இல்ல.”

“பின்ன? அது வண்டியில ஓடுததாக்கும். வண்டி இல்லேண்ணா அது வெறும் பெட்டி.”

வண்டியைக் கேட்க லிண்டோவுக்கு வாய் வரவில்லை. ஜெயசிங் சாயாவைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தார்.

“இஞ்ச வா. டிக்கியில இருக்குல்லா சாக்கெட்டு, அதுல குத்தினாத்தான் பிரிட்ஜ் ஓடும். சாவிய எடுத்தா சாக்கெட்டும் செத்துப்போவும். பேட்டரி எறங்கப்பிடாதுண்ணு கம்பெனிக்காரன் அப்பிடிச் செஞ்சு விட்டிருக்கு.” முன்பக்கம் ஒரு மூடியைத் திறந்து, நகத்தளவு பியூஸ் ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் அழுத்தினார். “இப்பம் பாரு. சாவி எங்கையிலயாக்கும் இருக்கு. வெளிச்சம் வருதா?”

டிக்கியில் பிரிட்ஜின் சின்ன விளக்கு எரிந்தது.

“வருது அண்ணே.”

“வரும். ஆனா அது பேட்டரியத் தின்னுட்டாக்கும் ஓடும், கேட்டியா. ரண்டு மணிக்கூர் கூடும்போ எஞ்சினப் போட்டு அரை மணிக்கூர் ஓட்டணும். ஓட்டாம விட்டா பிரிட்ஜும் போச்சு, வண்டியும் கெடையிலயாக்கும். வேற ஓட்டத்துக்கு எடுக்கப்பிடாது. மீன ஏத்தப்பிடாது. மீன் மணம் வந்தா ஒருத்தனும் ஏறமாட்டான்.”

“ஏத்தமாட்டேன் அண்ணே.”

“போ. நிண்ணு முழிச்சிட்டு இருக்காத. பிள்ள பசியில கெடக்கும்.”

அப்படித்தான் வண்டி கேம்புக்கு வந்தது. கரும்பலகைக்குப் பின்னால் சேலை கட்டி மறைத்த மூலையில் ரெஷ்மா கையால் பாலெடுப்பாள். மாமியார் அல்போன்சம்மா வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுப்பாள். சின்னச் சின்னக் குப்பிகளில் அடிப்பக்கம் கொஞ்சம் மஞ்சளாக நிற்கும் பாலை லிண்டோ கொண்டுபோய் பிரிட்ஜ் பெட்டிக்குள் வைப்பான். பெட்டியின் மேல், உள்ளே இருக்கிற குளிரைக் காட்டி, நாலு என்று பச்சையாக ஓர் எண் எரியும். அந்த எண்ணைப் பார்ப்பதற்கே பிள்ளைகள் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டுவார்கள். மத்தியானம் லிண்டோ நகரத்துக்கு ஓட்டுவான்.

அல்போன்சம்மாவுக்கு ஒரே ஆற்றாமை. பிரசவித்த பெண்ணுக்குப் பால்சுறா புட்டு கொடுத்தால் பால் ஊறும். ஊரில் எத்தனையோ பேருக்கு அவள் பால்சுறா அவித்து உதிர்த்து, பூண்டு தட்டிப்போட்டு, தூக்குவாளியில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். சொந்த மருமகளுக்கு வேண்டும் என்கிறபோது கடலில் ஒருத்தரும் இறங்கவில்லை. கேம்பில் கஞ்சியும் பயறும். ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கு. இதைத் தின்றுவிட்டு எங்கிருந்து பால் ஊறும்?

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. ஆசீர்வதித்த தண்ணீர் கொஞ்சத்தை ஒரு மருந்துக்குப்பியில் ஊற்றி மகனிடம் கொடுத்திருந்தாள்.

“பிள்ளைக்கத் தலையில ரண்டு சொட்டு விட்டு ஞானஸ்நானம் குடுத்திருல மக்கா. ஆபத்துக் காலத்தில யாரும் குடுக்கலாம். சாமியாரு சொல்லியிருக்காரு” என்பாள்.

“எதுக்கம்மா?”

“வல்லதும் ஆயிப்போச்சுண்ணா பேரில்லாமயா போவணும்?”

“ஒண்ணும் ஆவாது.”

குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான், அப்படியே திரும்பக் கொண்டுவருவான். தண்ணீர் விட்டால், போகட்டும் என்று தானே சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்குப் பயம். அல்போன்சம்மா ஒவ்வொரு நாளும் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

நிக்கோலஸுக்கு வண்டி பிடித்திருந்தது. அது நின்றுகொண்டே ஓடுவதுதான் பிடிக்கவில்லை. கரையில் நின்று மடிவலை இழுத்து இழுத்து இடது தோள் போனவர். அதற்கு முன்னால் நெடுங்காலம் வள்ளத்தில் எஞ்சின் பிடித்தவர். மண்ணெண்ணெயை மூடியால் அளந்து செலவழித்த கை அது. லிண்டோ சும்மா நிற்கிற வண்டியில் எஞ்சினைப் போட்டுவிட்டு உட்காரும்போது அவர் கிட்டப் போய் நின்று கேட்பார்.

“எலே, நங்கூரம் போட்ட வள்ளத்தில எவனாவது எஞ்சின ஓட்டுவானா?”

“இது வள்ளமில்லப்பா.”

“எண்ண எண்ணதானல?”

“பேட்டரி ஏறணும்பா. ஏறாட்டா பிரிட்ஜ் ஓடாது.”

“எஞ்சின அணைச்சாலும் அது ஓடிட்டுத்தான இருக்கு!”

வியாழக்கிழமை காலையில் கோயில் மணி நிற்காமல் அடித்தது. அப்படி அடித்தால் கடல் ஏறுகிறது என்று அர்த்தம், கையும் காலும் உள்ள ஆண்கள் எல்லோரும் கரைக்குப் போய் வள்ளங்களை இழுத்து ரோட்டில் ஏற்ற வேண்டும். போகாதவன் முகத்தில் பிறகு ஒருத்தரும் முழிக்கமாட்டார்கள். லிண்டோ சாவியை அப்பாவின் கையில் கொடுத்தான்.

“அப்பா, இப்பம் ஒருக்கா போடுங்க. நான் வர நேரமாச்சுண்ணா பின்னயும் ஒருக்கா. அரை மணிக்கூர் ஓடணும். கொறைக்கப்பிடாது.”

“போல. எனக்கு எஞ்சின் படிப்பிச்சுத் தராண்டாம்.”

போட்டார். எஞ்சின் உறுமியது. நிக்கோலஸ் முன்சீட்டில் உட்கார்ந்து எண்ணெய் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அது இறங்குகிற மாதிரியே அவருக்கு இருந்தது. பின்னால் போய் டிக்கியைத் திறந்து பார்த்தார். நாலு எரிந்தது, பெட்டி முனகிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துப் பார்த்தார். அப்போதும் நாலு, அப்போதும் முனகல். பின்னே எதற்கு எண்ணெயைக் கரியாக்குவது? மகன் ஆஸ்பத்திரிக்குப் போய்வர எண்ணெய் வேண்டாமா? சாவியை உருவி மடியில் கட்டிக்கொண்டார். இரண்டாவது தடவையும் அப்படித்தான், கிளப்பி ஒரு பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் அணைத்துவிட்டார். மனுஷன் செய்தது சிக்கனம். பிடிவாதமும் கொஞ்சம் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து முனகல் நின்றது. பச்சை எண் அணைந்தது. சாவியைத் திருகினார். எஞ்சின் டக்டக் என்று நாக்கடித்துவிட்டுச் சும்மா இருந்தது. திரும்பத் திரும்பத் திருகினார். பெட்டிக்குள் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து எடுத்த பால் முழுவதும் இருந்தது. காய்ச்சல் ஏற ஏற ரெஷ்மாவுக்குப் பால் வற்றிக்கொண்டு வருவதையும், நேற்று நிறைந்த குப்பி இன்று பாதிதான் நிறைகிறது என்பதையும் அல்போன்சம்மா அவரிடம் சொல்லியிருந்தாள்.

நிக்கோலஸ் பேட்டரியைப் பற்றித் தெரியாதவராக இருக்கலாம், குளிரைப் பற்றித் தெரியாதவர் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பிடித்ததைக் கெடாமல் கரைசேர்த்தவர். சாக்கை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினார். மீன் ஏலம் இல்லாவிட்டாலும் வியாபாரியின் பெட்டியில் பழைய ஐஸ் கிடந்தது. வலது தோளில் சுமந்து வந்து, பெட்டிக்குள் குப்பிகளைச் சுற்றி அடியிலும் மேலுமாக இடைவெளி இல்லாமல் நிரப்பினார்.

“அல்போன்சா! கொறச்சு உப்பு கொண்டா.”

“எதுக்கு?”

“உப்பு போட்டாத்தான் ஐஸ் பிடிக்கும். ஒனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியும். அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கேம்ப் அடுக்களையிலிருந்து ஒரு கை கல்லுப்பு அள்ளிக்கொண்டு வந்தாள். இருவரும் சேர்ந்து தூவி மூடினார்கள்.

லிண்டோ இடுப்புவரை நனைந்து, உள்ளங்கை வடத்தில் உரிந்து வந்தான். நடந்ததைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தான். வெள்ளையாக ஐஸ், நடுவில் குப்பி மூடிகள். தொட்டுப் பார்த்தான், விரல் மரத்தது. மூச்சு திரும்ப வந்தது.

“செரியாக்கும் அப்பா. நல்ல குளிரு உண்டு” என்றான். அவனும் மீன்காரன் மகன்தான்.

ஒரு டெம்போக்காரனைக் கெஞ்சிக் கூப்பிட்டு, அவன் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து எஞ்சினைக் கிளப்பினான். உதியன்குளங்கரை, அமரவிளைப் பாலம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு நெரிசலிலும் பின்னால் ஐஸ் சலசலப்பது கேட்டது. குளிர் இருக்கிறது, குளிர் இருக்கிறது என்று அவன் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

குழந்தைகள் அறை வாசலில் பாலை வாங்குகிற லிஜா சிஸ்டர் ஆரியங்கோட்டுக்காரி. மற்றவர்களிடம் மலையாளமும் லிண்டோவிடம் நம்முடைய பேச்சுமாகப் பேசுகிறவள். முதல் குப்பியைக் கையில் எடுத்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

“இதென்னவாக்கும் லிண்டோ, நனஞ்சிருக்கு?”

“ஐஸ் சிஸ்டர். பிரிட்ஜ் நிண்ணுபோச்சு. ஐஸ்ல வச்சுக் கொண்டுவந்தேன்.”

அவள் முகர்ந்தாள். “எந்த ஐஸ்?”

லிண்டோவுக்கு அப்போதுதான் புரிந்தது. தரையைப் பார்த்தான்.

“மீனுக்குப் போடுததா?”

“நல்ல ஐஸ்தான் சிஸ்டர். அப்பன் கழுவித்தான் போட்டிருக்கும்.”

“மூடிக்க உள்ள வெள்ளம் எறங்கியிருக்கு, பாரு. பாலு கட்டியாயிட்டு எளகியும் இருக்கு. இத நான் எப்பிடிக் கொண்டு போறது? அந்தக் கொச்சுக்க வயத்தில இது போனா என்ன ஆவும்ணு தெரியுமா ஒனக்கு?”

“மேலதான் சிஸ்டர் நனஞ்சிருக்கு. உள்ள போயிருக்காது. நான் குடிச்சுக் காட்டட்டா?”

அவள் தடுப்பதற்குள் அவன் குப்பியைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் விட்டுவிட்டான். உப்புக் கரித்தது. இன்னொரு குப்பியைத் திறந்தான். அதுவும். மூன்றாவதும் அப்படித்தான். பிறகு அவனே எல்லா மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திருகி மூடிப் பைக்குள் வைத்தான்.

லிஜா சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நேத்து வயறு வீங்கிப்போய் பாலு நிறுத்தி வச்சிருந்து. இப்பம் வீக்கம் வத்தியிருக்கு. இண்ணைக்குக் கொறச்சு குடுத்துப் பாக்கலாம்ணு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்காரு. தாய்ப்பாலு மட்டும்ணாக்கும் சொன்னது. சாயங்காலத்துக்கு முன்ன எவ்வளவெங்கிலும் கொண்டுவா. ஒரு ஸ்பூன் போரும். கேட்டியா? ஒரு ஸ்பூன்.”

கதவின் கண்ணாடி வழியாகப் பெட்டிகளின் வரிசை தெரிந்தது. எது தன்னுடையது என்று லிண்டோவுக்கு அங்கிருந்து அடையாளம் தெரியவில்லை. சட்டைப் பையில் அம்மாவின் குப்பி நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. கேட்டால் உள்ளே விடுவார்கள். இரண்டு சொட்டு, ஒரு பெயர். கை பைவரை போயிற்று. அவன் கையை இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

கேம்பில் ரெஷ்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். பையை அவன் கீழே வைத்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலிக் குப்பிகளின் சத்தம் வேறு மாதிரி இருக்கும், இது நிறைந்த குப்பிகளின் சத்தம்.

“குடுக்கல்லியா?”

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. கதவுக்கு வெளியே நிக்கோலஸ் நிற்பது தெரிந்தும் நிறுத்தவில்லை.

ரெஷ்மா அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனாரை நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள்.

“மீனா மாமா அது?” என்று கத்தினாள். “எம் பாலு மீனா? உப்பு போட்டு வச்சியளே! என்னைக் கேட்டா நான் சொல்லியிருக்க மாட்டேனா? ராவு முழுக்க உக்காந்து, உயிரு போவ நான் எடுத்ததாக்கும்...”

நிக்கோலஸ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அடிபட்டிருந்தால்கூட அப்படி நின்றிருக்கமாட்டார். அவருக்காகப் பேச வந்த அல்போன்சம்மா வந்த அடியிலேயே பின்வாங்கினாள். உப்பு அள்ளிக் கொடுத்தது அவள் கை.

“பிள்ளைக்கு வல்லதும் ஆச்சுதா லிண்டோ?” என்று நிக்கோலஸ் கேட்டார்.

“இல்லப்பா. குடுக்கல்லதானே. ஆனா சாயங்காலத்துக்குள்ள பாலு வேணும். ஒரு ஸ்பூன் போருமாம்.”

ரெஷ்மா சேலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வெந்நீர், ஒத்தடம், அழுத்தல். ஒன்றும் வரவில்லை. அழுத்த அழுத்த வலிதான் வந்தது. பதற்றத்தில் பால் உள்ளே ஏறிக்கொள்ளும் என்று அல்போன்சம்மாவுக்குத் தெரியும். அதை இப்போது சொன்னால் இன்னும் ஏறிக்கொள்ளும் என்பதும் தெரியும். வெளியே மழை மறுபடியும் பிடித்தது. இனி பால் எடுத்து, பெட்டி குளிர்ந்து, நகரத்துக்கு ஓடி, சாயங்காலத்துக்குள் எப்படிச் சேர்ப்பது என்று லிண்டோ மணியைப் பார்த்தான். வழி தெரியவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

“அவள வண்டியில ஏத்து” என்றார் நிக்கோலஸ்.

“எங்க?”

“பாலக் கொண்டு சேக்கத்தான இந்தப் பாடு? பாலுள்ளவளையே கொண்டு போவோம்.”

“காய்ச்சல்பா. உள்ள விடமாட்டாவ.”

“உள்ள போவாண்டாம். வாசல்ல கெடப்போம். வண்டிக்குள்ள கட்டிலு உண்டு, மறப்பு உண்டு. எப்பம் வருதோ அப்பம் எடுத்துக் குடுக்கட்டு. இஞ்ச மட்டும் என்ன வீடா இருக்கு நமக்கு, விட்டுட்டுப் போவதுக்கு?”

லிண்டோ ஜெயசிங்கைப் போனில் கூப்பிட்டான். மீன் ஐஸ் போட்டதைத்தான் முதலில் சொன்னான். சொல்லாமல் மறைக்க அவனால் முடியவில்லை. பேட்டரி இறங்கியதையும் ரெஷ்மாவை வண்டியில் ஏற்றிப்போகப் போவதையும் பிறகு சொன்னான்.

“அண்ணே?”

“பெட்டியக் கழுவினியா?”

“அப்பன் கழுவிட்டிருக்கு.”

“சோப்பு போட்டு நல்ல வெள்ளத்தில கழுவச் சொல்லு. பின்ன, மேல உள்ள கூடாரத்தப் பிரிக்காத, நனஞ்சா நாறிப்போவும். பின்சீட்டுக்க அடியில ஒரு செவப்பு லீவர் உண்டு, அத இழுத்தா கட்டிலு நெரப்பா விரியும். தையலு உள்ளவளுக்குக் குலுங்கப்பிடாது. பேட்டரி ஒருக்கா செத்து எழும்பினதாக்கும். எஞ்சின அணைச்சா பின்ன எடுக்குமோ எடுக்காதோ. அணைக்கவே அணைக்காத. எத்தன நாளு கெடந்தாலும் கெடக்கட்டு.”

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பெட்டியைக் கழுவிய நிக்கோலஸ் ஒவ்வொரு தடவையும் அதற்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தார். சத்தியபாய் ஒரு தெர்மாஸில் வெந்நீரும் வேகவைத்த புதுக் குப்பிகளும் கொண்டுவந்து கொடுத்தாள். ரெஷ்மாவை நாலு பெண்கள் தாங்கிவந்து வண்டியில் படுக்கவைத்தார்கள்.

ஆஸ்பத்திரி மதிலோரம், ஒரு பழக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இடம் கிடைத்தது. பின்பக்கத் திரைகளை இழுத்துவிட்டு அல்போன்சம்மா உள்ளே உட்கார்ந்தாள். லிண்டோ குடைபிடித்து வெளியே நின்றான். ஓட்டத் தெரியாத நிக்கோலஸ் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார், வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது என்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கியில் காலிப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. எண் பன்னிரண்டிலிருந்து மெதுவாக இறங்கி வந்தது.

மழைக்கோட்டு போட்ட காவல்காரன் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

“மாமா, வண்டி இவிடே இடான் பற்றில்லா. எஞ்சின் ஆஃப் ஆக்கு.” இங்கே வண்டி போடக் கூடாதாம், எஞ்சினை அணைக்க வேண்டுமாம்.

“ஆஃப் ஆக்கான் பற்றில்ல மோனே” என்றார் நிக்கோலஸ், முடியாது என்று தலையாட்டி.

“அதெந்தா?”

ஏன் என்று கேட்டவனுக்கு நிக்கோலஸ் பின்பக்கத் திரையைக் கைகாட்டினார். திரைக்குப் பின்னாலிருந்து ரெஷ்மாவின் விசும்பலும், ‘பைய மோளே, பைய’ என்று அல்போன்சம்மா சொல்வதும் கேட்டன. காவல்காரன் கொஞ்சம் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, குறைந்தபட்சம் ஒதுக்கியாவது போடச் சொல்லி, அதையும் வற்புறுத்தாமல் போய்விட்டான்.

உள்ளே ரெஷ்மா மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை இடுக்கில் மதிலுக்கு மேலே மாடி ஜன்னல்கள் தெரிந்தன. எதிலோ ஒன்றில் தன் குழந்தை இருக்கிறது. பிறந்தபோது மயக்கத்தில் ஒரு தடவை பார்த்ததுதான், முகம்கூடச் சரியாக மனதில் நிற்கவில்லை. இப்போது இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரம். அதை நினைத்ததும் அவளுக்கு மார்பு கனத்தது. முதலில் ஒரு சொட்டு. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. அல்போன்சம்மா குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

அடிப்பாகம் மறைந்தது. ஒரு ஸ்பூன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெட்டிக்குள் வைக்கவே இல்லை. லிண்டோ அந்தச் சூட்டோடு குப்பியை வாங்கி, குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். சட்டைப் பையில் இருந்த அம்மாவின் மருந்துக்குப்பி ஓடுகிறபோது துள்ளியது. வண்டியின் முன்பக்கத்தைக் கடக்கும்போது அவன் அதை எடுத்து ஜன்னல் வழியாக அப்பாவின் மடியில் எறிந்துவிட்டு ஓடினான்.

பழக்கடைக்காரன் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தான்.

லிண்டோ திரும்பி வந்தபோது மூச்சு வாங்கிற்று. “வாங்கிட்டு. சிஸ்டர் மணத்திப் பாத்திட்டு வாங்கிட்டு.”

“குடிச்சுதா?” என்றாள் ரெஷ்மா திரைக்குப் பின்னாலிருந்து.

“டியூப்ல விட்டிருக்கு. கொறச்சுதான். வயத்தில நிண்ணா அடுத்ததும் கேப்பாவளாம்.”

“நிக்குமா?”

“தெரியல்ல.”

அல்போன்சம்மா எட்டிப்பார்த்து, நிக்கோலஸ் மடியில் கிடந்த குப்பியைப் பார்த்தாள். தண்ணீர் குறையாமல் இருந்தது. இன்றைக்கு அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மழை வலுத்தது. பெட்டியின் எண் நாலுக்கு வந்துவிட்டது, உள்ளே ஒன்றுமில்லை. எண்ணெய் முள் நிஜமாகவே இறங்கியிருந்தது. நிக்கோலஸ் அதைப் பார்க்காமலிருக்க முயற்சி செய்தார், முடியவில்லை.

“மாமா” என்று பின்னாலிருந்து ரெஷ்மா கூப்பிட்டாள். கத்தியதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசுவது அதுதான் முதல் தடவை.

“என்ன மோளே?”

“எஞ்சின அணைச்சிராதிங்க. அடுத்தது எடுக்கப் போறேன்.”

“அணைக்கமாட்டேன் மோளே” என்றார் நிக்கோலஸ். அப்படிச் சொல்லியும் தன் கைகளின் மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.